முந்தியவர் எல்லாம் முன்னோர் ஆவரோ?
சரண்ஜித் சிங்கின் 'பத்து இராகங்கள்' இசைத்தட்டு வரலாறு

வரலாறு எழுதுவோரை எளிதில் மயக்கும் சொல் ஒன்று உண்டு. 'முதல்' என்பதே அச்சொல். முதல் நூல், முதல் கருவி, முதல் கலைஞர் என்று சொல்லிவிட்டால் கேட்போர் உள்ளம் உடனே மகிழ்கின்றது. அந்த முதன்மை தம் நாட்டினர்க்கு உரியது என்றால் மகிழ்ச்சி இரு மடங்காகின்றது. ஆயினும், காலத்தால் முந்தியவர் வேறு. பின்வந்தோர்க்கு வழிகாட்டிய முன்னோர் வேறு. இவ்விரண்டையும் பிரித்து அறியாதவிடத்து வரலாறு பெருமிதப் பேச்சாக மாறிவிடும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்ற சான்றாக, மும்பையில் 1982-ஆம் ஆண்டில் உருவான ஒரு மின்னிசைத் தட்டின் வரலாறு அமைந்துள்ளது.

அத்தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது. டிஸ்கோ தாளத்தில் அமைந்த பத்து இராகங்கள் என்பது அதன் பொருள். ஆக்கியவர் சரண்ஜித் சிங். வெளியிட்டது இந்தியக் கிராமபோன் கம்பெனி. வெளிவந்தபோது அதனை வாங்குவார் மிகச் சிலரே. ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே தட்டு ஐரோப்பாவில் மறுபடியும் வெளியாயிற்று. மேனாட்டு இதழ்கள் அதனை வியந்து எழுதின. தட்டில் ஓர் ஒலியேனும் மாறவில்லை. மாறியது யாது? கேட்டவர் செவியே மாறிற்று.

திரைக்குப் பின்னிருந்த கலைஞர்

சரண்ஜித் சிங் மேடைப் புகழ் பெற்றவர் அல்லர். இந்தித் திரையுலகின் இசைப்பதிவுக் கூடங்களில், பிறர் அமைத்த மெட்டுக்குக் கருவி வாசித்து வாழ்ந்தவர். சங்கர் - ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், லட்சுமிகாந்த் - பியாரேலால் போன்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் அவர் கிதார் முதலியவற்றையும் மின்விசைப் பலகைக் கருவிகளையும் இசைத்தார். படத்தின் பெயர்ப் பட்டியலில் இத்தகையோர் பெயர் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. பாடியவர் பெயர் நிலைக்கும். மெட்டமைத்தவர் பெயர் நிலைக்கும். வாசித்தவர் பெயர் கூடத்தின் சம்பளக் கணக்கோடு மறையும்.

ஆயினும், புதிய கருவிகளை முதலில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்கே கிடைத்தது. இந்தித் திரையிசைக்கும் மின்னிசைக் கருவிக்கும் உள்ள உறவு பழையது. 1954-இல் வெளிவந்த 'நாகின்' படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஓசையாகக் கேட்டு நாடெங்கும் மகிழ்ந்தது மகுடியன்று. கிளாவியோலின் என்னும் மின்கருவியின் ஒலியே அது. அதனை வாசித்தவர் பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி. எனவே, மின்னொலியில் இந்திய மெட்டைத் தருதல் 1982-இல் திடீரென்று தோன்றிய எண்ணம் அன்று. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அக்கூடங்களில் வளர்ந்த தொழிற்பயிற்சியின் தொடர்ச்சியே அது.

மூன்று கருவிகள்

இத்தட்டில் ஒலிக்கும் கருவிகள் மூன்று. மூன்றும் ஜப்பானில் ரோலண்டு நிறுவனம் செய்தவை. இக்குத்தாரோ காக்கேஹாஷி என்பவர் 1972-இல் ஒசாகாவில் நிறுவியது அந்நிறுவனம்.

முதலாவது, டி. ஆர். 808 என்னும் தாளப்பொறி. 1980-இல் விற்பனைக்கு வந்தது. முரசு, கைத்தட்டு, தாளம் ஆகிய ஒலிகளை மின்சுற்றுகளாலேயே உண்டாக்குவது. இரண்டாவது, 1981-இல் வந்த டி. பி. 303. கிதார் வாசிப்போர் தனியே பயிற்சி செய்யும்போது, துணைக்கு அடிக்குரல் இசைப்பதற்கென்று செய்யப்பட்ட சிறுபொறி அது. சுரங்களை முன்னதாகப் பதிந்து வைத்தால், பதினாறு படிகள் கொண்ட வரிசையாகத் தானே திரும்பத் திரும்ப இசைக்கும். மூன்றாவது ஜூபிட்டர் 8. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்களை ஒலிக்கவல்ல பெரிய சிந்தசைசர் அது.

இவற்றுள் டி. பி. 303 கடையில் தோற்ற கருவி. அதன் ஒலி அடிக்குரல் கிதாரை ஒத்திருக்கவில்லை. சுரங்களைப் பதியும் முறையும் எளிதாக இல்லை. 1984-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதற்குள் செய்யப்பட்டவை ஏறக்குறைய பதினாயிரம் பொறிகளே. ஆனால் அதனிடம் வேறொரு குணம் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வெட்டாமல் வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. வடநாட்டார் 'மீண்டு' என்றும் தென்னாட்டார் 'ஜாரு' என்றும் கூறும் சுர ஓட்டத்திற்கு இது ஓரளவு அணித்தாகும்.

இக்கருவிகள் மும்பைக் கலைஞர் கைக்கு வந்த வழியில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. இந்தியாவில் அந்நாளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. சுங்க வரியும் மிகுதி. ஜப்பானியப் பொருள்கள் வந்த விரைவிலேயே கிடைத்த வணிகத் துறைமுகம் சிங்கப்பூர். சரண்ஜித் சிங் தம் புதிய பொறியைச் சிங்கப்பூரில்தான் வாங்கினார். பொருள் ஒசாகாவில் தோன்றி, சிங்கப்பூரில் கைமாறி, மும்பையில் இராகமாக ஒலித்தது. பண்டு மிளகும் பட்டும் போன கடல்வழியில் இக்காலத்தில் மின்பொறி போயிற்று என்று கூறலாம்.

தட்டு உருவான முறை

1980-ஆம் ஆண்டினை ஒட்டி இந்தித் திரையிசையில் டிஸ்கோ என்னும் மேனாட்டு ஆடலிசை பரவியது. அவ்வாண்டு வந்த 'குர்பானி' படத்திற்காக, இலண்டனில் பணியாற்றிய பித்து அமைத்து நாசியா ஹசன் பாடிய பாடல் பெருவெற்றி பெற்றது. அவ்விருவரும் 1981-இல் தந்த 'டிஸ்கோ தீவானே' தட்டும் மிகப் பரவிற்று. 1982-இன் இறுதியில் 'டிஸ்கோ டான்சர்' படம் பப்பி லஹிரியின் இசையோடு வந்தது. எங்கும் ஒரே தாளம். சீராகத் தட்டும் நான்கு அடிகள்.

எல்லாரும் டிஸ்கோவுக்குப் பாட்டுக் கட்டுகின்றனர். அத்தாளத்தில் இராகத்தையே வாசித்தால் என்ன? சரண்ஜித் சிங்குக்குத் தோன்றிய எண்ணம் இதுவே. தபலாவை நீக்கி, அவ்விடத்தில் பொறித்தாளத்தை வைப்பது. பாடகர் இல்லாமல் இராகத்தைப் பலகையில் இசைப்பது. வீட்டிலேயே பழகிப் பார்த்து, ஒலி இசைவாக இருக்கக் கண்டபின் பதிவுக்குச் சென்றார் என்பது அவரே பின்னாளில் கூறிய செய்தி.

தட்டில் உள்ள இராகங்கள் முறையே பைரவி, லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய பத்து. தென்னக இசை பயின்றார்க்கு இவற்றுட் பல உறவு முறையில் அறிமுகமானவை. பூபாளியின் சுரங்கள் மோகனத்தின் சுரங்கள். மால்கௌன்ஸ் இந்தோளத்தை ஒக்கும். யமன் கல்யாணிக்கு நெருங்கியது. கலாவதியில் வலசியையும், பைராகியில் ரேவதியையும், மதுவந்தியில் தர்மவதியின் சாயலையும் காணலாம். ஆனால் பெயரைக் கொண்டு மயங்குதல் கூடாது. வடநாட்டுத் தோடி நம் தோடி அன்று. அது சுபபந்துவராளியின் இனம். நம் தோடியின் சுரங்களைத் தாங்கி நிற்பது வடநாட்டுப் பைரவியே. பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாதல், பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்றாதல் ஆகிய இரண்டும் இசை வரலாற்றில் இயல்பு. இக்கருத்து இத்தட்டின் பிற்கால வரலாற்றுக்கும் பொருந்தும் என்பது பின்னர் விளங்கும்.

இசை அமைந்த முறை எளியது. டி. ஆர். 808 ஓயாமல் தாளம் காட்டுகின்றது. டி. பி. 303 இராகத்திற்குரிய சுரங்களையே கொண்டு அடிக்குரலில் ஒரு சுழலை நெய்கின்றது. அவற்றின்மேல் ஜூபிட்டர் 8 இராகத்தைப் பாடுகின்றது. மேனாட்டு டிஸ்கோவில் அடிக்குரல் பாட்டின் சுரக்கூட்டுகளுக்கு ஏற்ப இடம் பெயர்ந்து செல்லும். இராகத்திற்கோ சுரக்கூட்டு வேண்டுவதில்லை. ஆதார சட்ஜம் ஒன்றே போதும். எனவே, அடிக்குரல் இடம் பெயராமல் நின்ற இடத்திலேயே சுழன்றது. தம்புராவின் இடத்தை ஒரு பொறி பெற்றது. இத்தட்டின் தனித்தன்மைக்கு வேர் இதுவே.

முதல் வரவேற்பு

தட்டு வெளிவந்தபோது சிறிது ஆவல் பிறந்தது. அதன் ஒரு பகுதி தேசிய வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. பின்னர் ஆவல் அடங்கிற்று. தட்டு விலை போகவில்லை. காலப்போக்கில் அதனை நினைப்பாரும் இலராயினர்.

இதற்குரிய காரணம் காண்பது அரிதன்று. டிஸ்கோவை விரும்பியவர்க்குப் பாட்டு வேண்டும், பாடும் குரல் வேண்டும், பாட்டோடு சேர்ந்த திரைக்காட்சி வேண்டும். இத்தட்டில் மூன்றும் இல்லை. இராகத்தை விரும்பியவர்க்கோ ஆலாபனை வேண்டும், மெல்லென விரியும் காலம் வேண்டும், தபலாவோடு நிகழும் உரையாடல் வேண்டும். இங்கே ஒவ்வோர் இராகமும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் முடிகின்றது. இரு வீட்டார்க்கும் உறவான பிள்ளை சில சமயம் எவ்வீட்டுப் பந்தியிலும் இடம் பெறாமற் போவதுண்டு. அந்நிலையே இத்தட்டுக்கும் நேர்ந்தது.

சிகாகோ நகரில் நிகழ்ந்தது

இதே காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வேறொரு கதை நடந்தது. டிஸ்கோவின் புகழ் அங்கே மங்கிய பிறகும், கறுப்பின இளைஞர் கூடிய ஆடலரங்குகளில் அதன் தாளம் ஓயவில்லை. தாளப்பொறிகளைக் கொண்டு அவர்கள் வளர்த்த ஆடலிசைக்கு 'ஹவுஸ்' என்று பெயர் வழங்கிற்று. விற்காமற் போன டி. பி. 303 பொறி பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. பியூச்சர் என்னும் இளைஞர் குழு அதனை வாங்கிற்று. அவர்கள் அப்பொறியின் திருகுகளை ஒலிக்கும்போதே முறுக்கினர். அடிக்குரல் முனகிற்று, பின் கீச்சிட்டது, பின் நீர்க்குமிழி போல் கொப்புளித்தது. அவ்வொலியை ரான் ஹார்டி என்னும் தட்டிசைப்பாளர் தம் அரங்கில் ஒலிக்கச் செய்தார். 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் பெயரில் அது தட்டாக வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்னும் வகைக்குத் தொடக்கமாகக் கருதப்படுவது இதுவே. அடுத்த ஆண்டில் இங்கிலாந்து முழுதும் இவ்விசை காட்டுத்தீப் போலப் பரவிற்று.

சிகாகோ இளைஞர்கள் மும்பைத் தட்டைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. மும்பையிலேயே விலை போகாத தட்டு அந்நகருக்குச் சென்றது எனக் கருதவும் இடமில்லை.

மறுபிறப்பு

ஈடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் பழைய இந்தியத் திரையிசைத் தட்டுகளைத் தொகுப்பவர். 2002-இல் தில்லிக் கடையொன்றில் இத்தட்டு அவர் கண்ணிற் பட்டது. ஒலிக்கச் செய்து கேட்டவர் திகைத்தார். 1987-க்குப் பின்னர் தோன்றியிருக்க வேண்டிய ஒலி, 1982 என்று அச்சிட்ட தட்டிலிருந்து எழுந்தது. அவர் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டு, 2010-இல் 'பாம்பே கனெக்ஷன்' என்னும் தம் வெளியீட்டகத்தின் வழியாக அத்தட்டை மறுபடியும் வெளியிட்டார்.

அதன் பின்னர் எழுந்த ஆரவாரம் பெரிது. இது பழந்தட்டே அன்று, இக்கால மின்னிசைக் கலைஞர் எவரோ மறைந்திருந்து செய்த வேடிக்கை என்று ஐயுற்றோரும் உளர். ஐயம் நீங்கியபின், ஆசிட் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தவர் சிகாகோ இளைஞர் அல்லர், மும்பை முதியவரே என்று பலர் எழுதினர். ஐரோப்பிய அரங்குகள் அவரை அழைத்தன. முதுமையில் அவர் அங்கே சென்று தம் இராகங்களை வாசித்தார். இளைஞர் கூட்டம் ஆடி மகிழ்ந்தது. தாம் ஒரு புதுவகை இசையைக் கண்டுபிடித்ததாக அவர் கருதியதில்லை. இராகத்தை டிஸ்கோவில் வாசித்ததாகவே கூறினார். 2015 ஜூலையில் மும்பையில் அவர் காலமானார்.

ஒப்புமையும் உறவும்

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். சரண்ஜித் சிங் ஆசிட் ஹவுஸ் இசையின் தந்தையா?

காலத்தால் அவர் முந்தியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை என்பதற்கு மகன் வேண்டும். அவர் தட்டிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற வழி எதுவும் இல்லை. கற்பித்தவரும் இல்லை, கற்றவரும் இல்லை. எனில், இத்துணை ஒப்புமை எங்ஙனம் வந்தது? இரு சாராரிடமும் இருந்த பொருள்கள் ஒன்று, அதுவே விடை. இருவருக்கும் டிஸ்கோ தாய். இருவர் கையிலும் அதே ஜப்பானியப் பொறி. இருவரும் சுரக்கூட்டு மாறாமல், ஓரிடத்தில் நின்று சுழலும் இசையை விரும்பினர். ஒருவர்க்கு அவ்விருப்பம் இராக மரபிலிருந்து வந்தது. மற்றவர்க்கு விடிய விடிய ஆடும் அரங்கின் தேவையிலிருந்து வந்தது. ஒரே மண்ணும் ஒரே விதையும் கிடைத்தால் இரு தோட்டங்களில் ஒரே வகைச் செடி முளைத்தல் வியப்பன்று. ஒரு தோட்டத்துச் செடியை மற்றத் தோட்டத்துச் செடிக்குத் தாய் என்பது பிழை.

வேறுபாடும் நோக்கத்தக்கது. ஆசிட் ஹவுஸ் இசையின் உயிர், திருகுகளை முறுக்கி ஒலியின் நிறத்தை மாற்றுவதில் உள்ளது. அங்கே மெட்டு சிறிது, நிறமே பெரிது. சரண்ஜித் சிங்கின் தட்டில் மெட்டே தலைவன். பொறி அதற்கு ஏவலாள். ஆகவே, ஒலியில் ஒப்புமை, நோக்கத்தில் வேற்றுமை. பைரவி என்னும் ஒரே பெயர் வடக்கே ஓர் இராகத்தையும் தெற்கே வேறோர் இராகத்தையும் குறிப்பதை ஒத்தது இது.

உரிய அளவுகோல் எது?

இங்ஙனம் கூறுவதால் அக்கலைஞரின் சிறப்புக் குறைந்துவிடுமா? குறையாது, உரிய இடத்தில் நிற்கும். அவர் செய்ய முயலாத ஒன்றிற்காக அவரைப் புகழ்ந்தவர்கள், அவர் செய்ய முயன்றதை எடைபோட மறந்தனர். அவர் முயன்றது இராகத்தைப் பொறியில் இசைத்தல். அதனில் அவர் வென்றாரா என்பதே கேட்க வேண்டிய வினா.

அந்நியக் கருவி இந்திய இசைக்குள் வருதல் புதிதன்று. வயலின் மேனாட்டுக் கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனைத் தமிழ்நாட்டு இசைக்கு உரியதாக்கினர். இன்று அதனை அந்நியம் என்பார் எவர்? ஆர்மோனியத்திற்கோ அத்துணை எளிதில் வரவேற்புக் கிட்டவில்லை. அதன் கட்டைகளில் சுரங்கள் நிலையாக நிற்பதால் கமகம் பிறவாது என்று கருதி, அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கிற்று. அத்தடை 1971-இல்தான் தளர்ந்தது. வயலின் வளைந்து கொடுத்தது, வாழ்ந்தது. ஆர்மோனியம் வளையாமையால் வழக்கில் சிக்கிற்று.

சரண்ஜித் சிங்கின் கருவிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. பலகையின் கட்டைகள் ஆர்மோனியத்தைப் போல நிலைத்தவை. ஆயினும், சுரத்தை வளைக்கும் நெம்புகோலும், சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கும் அமைப்பும் சிந்தசைசரில் உண்டு. அவற்றின் துணையால் பூபாளியும் யமனும் இத்தட்டில் தெளிவாகத் துலங்குகின்றன. பஞ்சமமே இல்லாத லலித்தும் மால்கௌன்ஸும் இன்னும் துணிவானவை. டிஸ்கோவின் அடிக்குரல் வழக்கமாகச் சாய்வது சட்ஜத்தின் மீதும் பஞ்சமத்தின் மீதும் அன்றோ? அப்பஞ்சமத் தூண் இல்லாமலே வீடு கட்டிய திறம் அங்கே காணப்படுகின்றது. ஆனால் தோடியின் காந்தாரம் வேண்டும் நுண்ணிய தாழ்ச்சியை நிலைத்த கட்டை முழுமையாகத் தர இயலாது. மென்மெல விரியும் ஆலாபனைக்கும் இங்கே இடமில்லை. விடியலுக்குரிய லலித்தும் நள்ளிரவுக்குரிய மால்கௌன்ஸும் ஒரே தாள ஓட்டத்தில் வருகின்றன. கச்சேரியின் இறுதியில் இசைப்பது வழக்கமான பைரவி, இங்கே முதலில் நிற்கின்றது. மரபின் சுரங்கள் காக்கப்பட்டன; மரபின் காலம் காக்கப்படவில்லை.

இதனைக் குறையென்று தள்ளுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1902-இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் முதன்முதலில் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் போன்ற கலைஞர்கள் விரிந்த இராகத்தை ஏறக்குறைய மூன்று நிமிடத்துள் அடக்க நேர்ந்தது. அன்று அதுவும் பழிக்கப்படலாயிற்று. இன்றோ அத்தட்டுகள் இசை ஆராய்வார்க்குக் கிடைத்தற்கரிய செல்வங்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின், அக்கம்பெனியின் வழிவந்த நிறுவனத்தின் தட்டிலேயே, மற்றொரு கலைஞர் இராகத்தைப் புதிய பொறியின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தார். இந்த வரிசையில் வைத்துக் காணும்போதுதான் அவர் முயற்சியின் பொருள் முழுமையாக விளங்கும்.

மாணவர்க்கு வரலாறு கற்பிப்போர் இத்தட்டின் கதையிலிருந்து கொள்ளத்தக்க பயன் பெரிது. 'நம்மவரே முதலில் செய்தனர்' என்னும் கூற்றைக் கேட்டவுடன் கைதட்டுதல் எளிது. அவர் செய்ததைப் பின்வந்தோர் கற்றனரா, கற்றதற்குச் சான்று உளதா, அவர் எதனைச் செய்ய எண்ணினார் என்று கேட்பதே கல்வி. அங்ஙனம் கேட்டால் சில பட்டங்கள் உதிரலாம். ஆனால் பட்டம் உதிர்ந்த பிறகும் எஞ்சி நிற்கும் பெருமையே உண்மையான பெருமை. சரண்ஜித் சிங்கிடம் அது எஞ்சி நிற்கின்றது. சிகாகோவுக்கு அவர் எதனையும் கற்பிக்கவில்லை. பிறர்க்காக வாசித்தே நாளைக் கழித்த ஒருவர், தாம் கற்ற பத்து இராகங்களைத் தம் விருப்பப்படி ஒருமுறை வாசித்தார். அவ்வளவே நிகழ்ந்தது. தட்டைக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.